குற்றவாளியும் சமுதாயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)





அறிஞர் பலர் நின்று பேசிய இம்மேடையில், இன்னும் பட்டம் பெறாத மாணவராகிய நாம் நின்று பேசுவது துணிச்சலான காரியந்தான். காலையில் மிசன் பாடசாலையில் வேதாகம வாசிப்பும், மாலையில் கோயில் மண்டபத்திற் புராண படனமும் கேட்டு வளர்ந்தவர் நாம். பேச்சில் இரண்டின் வாடையும் வீசுமாயின் பெரியோர் பொறுத்தருள்க.

தலைப்பைக் கேட்டதும், "வாலிபர் சங்கத்துக்கும் குற்றவாளிகளுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு. அதனை எடுத்துக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கமாகும். குற்றம் செய்தவனைத் தண்டிக்கும் பொறுப்பை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டோம். ஆனால் குற்றவாளி உருவாகும் இடமும், தண்டனை முடிந்து அவன் திரும்பி வரும் இடமும் நமது ஊர்தான். இவ்விரண்டுக்கும் நாம் எல்லோரும் பொறுப்பாளிகள்.

முதலில் நம்மைப்பற்றிய ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். 2015ஆம் ஆண்டு மே மாதத்திற் புங்குடுதீவிலே பாடசாலை மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையை இச்சபையிலுள்ள எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நாம் சிறுவர். பாடசாலைச் சீருடையோடு வீதியில் நின்று, "தூக்கிலிடு" என்று தொண்டை கிழியக் கத்தியவர்களுள் நாமும் ஒருவர். யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பதொன்றும் நமக்குத் தெரியாது. ஆத்திரம் மாத்திரந் தெரியும். அதே மாதம் 20ஆந் திகதி யாழ்ப்பாணம் நீதிமன்றக் கட்டிடத்தின்மீது கல்லெறி விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். நீதி வேண்டும் என்று போனவர்கள் நீதிமன்றத்தின் கண்ணாடிகளை உடைத்துவிட்டுத் தாமே சந்தேகநபர்களாகி நின்ற வேதனையையும் அன்று கண்டோம்.

அந்த வழக்கு முறையாக விசாரிக்கப்பட்டது. மூன்று நீதிபதிகள் அமர்ந்து சாட்சியங்களைக் கேட்டு, 2017ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆந் திகதி எழுவருக்கு மரணதண்டனை விதித்தனர். இருவர் விடுவிக்கப்பட்டனர். அந்த இருவர் என்ற எண்ணிக்கையைப் பின்னாளில் நினைக்குந்தோறும் நமக்கு நடுக்கம் உண்டாகிறது. வீதியில் நாம் கத்தியது எல்லோரையும் சேர்த்துத்தான். கோவலனை விசாரியாது கொன்ற பாண்டியனைக் குறைகூறிப் பரீட்சையில் விடை எழுதிய அதே மாணவர்கள், விசாரணைக்கு முன்னரே கயிற்றைக் கேட்டோம்.

இனி, இரண்டாவது சம்பவத்தைச் சொல்லல் வேண்டும். நாம் பத்தாம் வகுப்பிற் படிக்கும்போது, வகுப்பார் சுற்றுலாவுக்கென்று சேர்த்து வைத்த பணத்திற் சிறு தொகை காணாமற் போயிற்று. எடுத்தவன் யார் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் ஆசிரியர்கள் அல்லர். மாணவராகிய நாமே கண்டுபிடித்து, நாமே அவனைப் பிடித்துக் கொடுத்தோம். அவனுடைய தந்தை 2009ஆம் ஆண்டு இறுதி யுத்தத்திற் காணாமற் போனவர். தாய் தோட்டங்களிற் கூலிக்குப் புல்லுப் பிடுங்குபவர். அத்தாய் பாடசாலை விறாந்தையில் ஒரு பகல் முழுவதும் காத்திருந்ததை யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். மாலையில் விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு தாயும் மகனும் நடந்து போயினர். களவு எடுத்தவன் போய்விட்டான் என்று நாம் மகிழ்ந்தோம். அவன் எங்கே போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு, படிப்பின் பொருட்டு நீதவான் நீதிமன்றம் ஒன்றுக்கு வழக்குகளைப் பார்க்கச் சென்றிருந்தோம். வாள்வெட்டு வழக்கொன்று கூப்பிடப்பட்டது. கூண்டில் ஏறியவர்களுள் ஒருவன் அவன். முன்வாங்கில் வெட்டுப்பட்டவர் இருந்தார். சிறு கடை ஒன்று வைத்திருப்பவர். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. வழக்கு மறு தவணைக்கு ஒத்திவைக்கப்பட்டு, மறியற்காரரை வெளியே கொண்டுபோகும்போது அவன் நம்மை அடையாளங் கண்டுகொண்டான். கோபிப்பான் என்று நினைத்தோம். அவன் கேட்டது ஒரே கேள்வி: "எங்கட வகுப்புச் சேர் இப்பவும் அங்கைதான் படிப்பிக்கிறாரோ?"

அவன் அந்தக் குற்றத்தைச் செய்தானா, இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். நமது மனத்தில் எழுந்த கேள்வி வேறு. பாடசாலை விறாந்தையிலிருந்து அந்தக் கூண்டு வரை உள்ள பாதையை அவன் தனியாகத்தான் நடந்தானா? அந்தக் கடைக்காரருடைய விரல்களுக்கு யார் யார் பதில் சொல்லல் வேண்டும்? அன்றிரவு நித்திரை வரவில்லை. அக்கேள்வியின் பயனே இன்றைய பேச்சு.

குற்றம் எங்ஙனம் உண்டாகின்றது என்பதுபற்றி அறிஞரிடையே பல கொள்கைகள் உண்டு. குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி என்றும், மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டே அவனை அறியலாம் என்றும் இத்தாலிய வைத்தியர் லொம்புரோசோ 1876ஆம் ஆண்டு நூல் எழுதினார். அக்கொள்கை பின்னர் தவறென்று தள்ளப்பட்டது. எனினும் நமது ஊர்களில் அது வேறு வேடத்தில் உயிரோடு இருக்கின்றது. "அந்தப் பகுதிப் பெடியள் அப்படித்தான்", "அந்தச் சாதியின் புத்தி" என்று திண்ணையிற் பேசுகிறோமே, அது லொம்புரோசோவின் பிழையைக் காட்டிலுங் கொடிய பிழை. அவர் மண்டையை அளந்தாவது பார்த்தார். நாம் அதையுஞ் செய்வதில்லை.

வறுமையே குற்றத்துக்குக் காரணம் என்று கூறுவாரும் உளர். அதுவும் முழு உண்மை அன்று. கஞ்சிக்கு வழியில்லாதிருந்தும் பிறர் வேலியில் ஒரு முருங்கைக்காய் பறியாதவர்கள் நமது ஊரிலே இருக்கிறார்கள். மாடிவீட்டில் இருந்துகொண்டு பொதுப்பணத்தைச் சுருட்டியவர்களையும் நாடு கண்டிருக்கிறது. ஆனால் வறுமையோடு வேறு சில சேரும்போது பாதை வழுக்குகிறது. தந்தையில்லாத வீடு, இடையில் நின்ற படிப்பு, வேலையில்லாத பகற்பொழுது, கையில் எடுத்துக் கொடுக்கப்படும் போதைப்பொருள், "வா மச்சான்" என்று தோளிற் கைபோட ஒரு கூட்டம். வீடும் பாடசாலையும் கோயிலும் கைவிட்டவனை ஏற்றுக்கொள்ள வாட்கூட்டம் ஒருபோதும் மறுப்பதில்லை. அங்கே அவனுக்குப் பெயர் உண்டு, மதிப்பு உண்டு, ஏறிச் செல்ல மோட்டார் சைக்கிள் உண்டு. போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் 'வாள்வெட்டு' என்ற சொல் நாளாந்தச் சொல்லாகிவிட்டது. முப்பது ஆண்டு யுத்தத்தைப் பார்த்து வளர்ந்த சமுதாயத்தில், ஆயுதம் பிடித்தவனுக்கே மரியாதை என்ற பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் யார் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இலங்கையிற் சிவில் சேவை உத்தியோகத்தராக இருந்த லெனாட் வூல்ப் என்பவரைப் பலரும் அறிவீர்கள். 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேதான் தமது சேவையைத் தொடங்கினார். பின்னர் கண்டியிற் கடமையாற்றியபோது, போகம்பறைச் சிறையில் நடைபெறும் தூக்குத் தண்டனைகளுக்கு அரசாங்கத்தின் சார்பிற் சமுகமளிக்க வேண்டியவரானார். அதன்பின் அம்பாந்தோட்டையில் நீதவானாகவும் வழக்குகளைத் தீர்த்தார். உத்தியோகத்தை விட்டு இங்கிலாந்து சென்று 1913இல் அவர் வெளியிட்ட நாவல், காட்டோரக் கிராமம் ஒன்றின் கதை. அதிலே கடனும் பசியும் தலைமைக்காரரின் வஞ்சமும் சேர்ந்து ஓர் அப்பாவியைப் பொய்க் களவு வழக்கிற் சிறைக்கு அனுப்புகின்றன. அவனுடைய மாமனை இரட்டைக் கொலைகாரனாக்குகின்றன. வழக்கை விசாரிக்கும் வெள்ளைக்கார நீதவானுக்குச் சட்டம் தெரியும். கிராமத்தில் நடந்தது முழுவதும் தெரியாது. சட்டப்படி தீர்ப்புச் சொல்கிறார், அநீதி நடந்துவிடுகிறது. நீதவானாக இருந்த ஒருவரே இதனை எழுதினார் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

இவ்வாறெல்லாம் கூறுவதனாற் குற்றவாளிக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரே வீட்டிற் பிறந்த இருவருள் ஒருவன் நல்லவனாகவும் மற்றவன் கெட்டவனாகவும் போவதைக் காண்கிறோம். வாளை எடுத்த கை அவனுடைய கைதான். ஆயினும் சமுதாயத்தின் பங்கைக் கணக்கிலெடாத தண்டனை, அரைக் கணக்கைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுவது போலாகும்.

இனித் தண்டனையைப்பற்றி ஆராய்வோம். கொடிய தண்டனை கொடுத்தாற் குற்றம் குறையும் என்பது பொதுமக்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை முழுமையாகப் பரீட்சித்துப் பார்த்த நாடு இங்கிலாந்து. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்கு மரணதண்டனை எழுதப்பட்டிருந்தது. ஒரு வீட்டில் நாற்பது சிலிங் பெறுமதியான பொருளைக் களவெடுத்தாலும் தூக்கு. விளைந்தது யாது? யூரிமார் மனங்கேளாது, களவுபோன பொருளின் பெறுமதி முப்பத்தொன்பது சிலிங்தான் என்று வேண்டுமென்றே தீர்ப்பளித்தனர். தண்டனை கொடூரமானதால் அது நிச்சயமற்றதாகவும் ஆயிற்று. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அதன் நிச்சயமே என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இலேயே எழுதியிருந்தார். சேர் சாமுவேல் றொமிலி முதலியோர் பாராளுமன்றத்தில் ஆண்டாண்டாகப் போராடி அச்சட்டங்களை ஒவ்வொன்றாக நீக்குவித்தனர். யோன் கவாட் சிறைகள்தோறும் நடந்து, அங்குள்ள நிலைமையை 1777இல் நூலாக வெளியிட்டார். 1813இல் எலிசபெத் விறை அம்மையார் நியூகேற் சிறைக்குட் சென்று, பெண்களும் குழந்தைகளும் வைக்கோலிற் கிடந்ததைக் கண்டு, அவர்களுக்குப் பாடசாலையும் தையல் வேலையும் ஏற்படுத்தினார். மிசன் பாடசாலையில் இவர்களுடைய சரித்திரத்தை நன்னெறிக் கதைகளாகப் படித்தோம். அவை சட்டத்தின் சரித்திரமும் ஆகும் என்பது பின்னரே விளங்கிற்று.

இலங்கையின் கதை இதனிலும் நமக்கு நெருக்கமானது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கொலைக்கு மரணதண்டனை விதித்தது. 1956இற் பதவிக்கு வந்த திரு. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தூக்குத் தண்டனையை நிறைவேற்றாது நிறுத்திவைத்தது. 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால் அந்நிறுத்தம் மூன்றாண்டுகளுக்குச் சட்டமாக்கப்பட்டது. இங்கிலாந்து இத்தகைய தற்காலிக நிறுத்தத்தைச் செய்தது 1965இலேதான் என்பதை நினைவிற் கொள்க. நிறுத்தத்தின் விளைவை ஆராய அவுஸ்திரேலியாவிலிருந்து பேராசிரியர் நோவல் மொறிஸ் அழைக்கப்பட்டு, அவர் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. தூக்கை நிறுத்தியதனாற் கொலைகள் பெருகின என்று கொள்ள ஆதாரமில்லை, அதனை மீண்டும் கொண்டுவர வேண்டியதில்லை என்பது 1959இல் வெளிவந்த அவ்வறிக்கையின் முடிபு.

அதே ஆண்டு செப்ரெம்பர் 25ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்கா தமது வீட்டில் வைத்துச் சுடப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். நாடு கொதித்தது. ஆணைக்குழுவின் ஆராய்ச்சியெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே தூக்குத் தண்டனையை மீட்கும் சட்டம் நிறைவேறியது. முன்னரே நடந்த அக்கொலைக்கும் பொருந்தும்படி அச்சட்டம் பின்னோக்கி ஆக்கப்பட்டது. சுட்ட சோமராம தேரர் 1962 யூலை 6ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார். சதியின் தலைவர் என்று தீர்க்கப்பட்ட புத்தரக்கித்த தேரருக்கோ, பின்னோக்கிய அச்சட்டத்தின் வாசகம் சதிக் குற்றத்தைத் தழுவவில்லை என்ற காரணத்தால் மேன்முறையீட்டில் மரணதண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. ஆத்திரத்தில் அவசரமாக எழுதிய சட்டம், ஏவியவரை விட்டு ஏவப்பட்டவரைக் கொன்றது. தூக்கை நிறுத்திய மனிதரின் பெயராலேயே தூக்கு மீண்டு வந்ததுதான் இக்கதையின் பெருஞ் சோகம்.

இந்நாட்டிற் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்டது 1976 யூன் 23ஆந் திகதி. அதன்பின் நீதிபதிகள் மரணதண்டனை விதித்தாலும் அது நிறைவேற்றப்படவில்லை. 2019இல் அன்றைய சனாதிபதி போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடப் பத்திரங்களிற் கையொப்பமிட்டார். அலுக்கோசுப் பதவிக்குப் பத்திரிகையில் விளம்பரமும் வந்தது. அவ்வாண்டு யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

தூக்குமேடையைப்பற்றி நாடே பேசுகின்றது. ஆனால் ஒவ்வொரு நாளும் சிறைச்சாலை வாசலால் உள்ளே போகின்றவர்கள் யார் என்பதைப் பேசுவோர் குறைவு. தண்டனை பெற்று நமது சிறைகளுக்கு அனுப்பப்படுவோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர், நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட முடியாமையாலே போகின்றவர்கள். பணம் உள்ளவன் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறான். பணமில்லாதவன் அதே குற்றத்துக்கு மறியல் போகிறான். குற்றம் ஒன்று, தண்டனை இரண்டு. தண்டப்பணத்தைத் தவணை முறையிற் கட்டச் சட்டத்தில் இடமுண்டு. அதனை எடுத்துச் சொல்ல ஆளில்லாதவனுக்கு அந்தச் சட்டம் இருந்தும் இல்லாததுதான்.

இவர்களோடு, தீர்ப்பே ஆகாது விளக்கமறியலிற் கிடப்போர் வேறு. அண்மைய ஆண்டுகளில் நமது சிறைகளில் இடவசதியைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். பத்துப்பேர் படுக்கும் இடத்தில் இருபதுபேர். பேரளவிற் கஞ்சா, ஐஸ் முதலியவற்றைக் கடத்தியவனுக்குப் பக்கத்தில், தண்டப்பணங் கட்டமுடியாத பதினெட்டு வயதுப் பையன். அவனுக்கு அது சிறையோ, பல்கலைக்கழகமோ? சிறைக்குள் இருப்பவரின் உயிருக்கு அரசாங்கமே பொறுப்பு. ஆயினும் 1983 யூலையில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் இரு நாட்களிற் கொல்லப்பட்டதையும், 2012 நவெம்பரில் அதே சிறையில் 27 பேரும், 2020 நவெம்பரில் மகர சிறையில் 11 பேரும் இறந்ததையும் நாடு மறக்க இயலாது.

நல்ல மாற்றங்களும் இல்லாமலில்லை. நீதிமன்றம் கசையடி விதிக்கும் வழக்கம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளையையும் குற்றவாளியாக்கிய பழைய சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, அவ்வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்விக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. வழி இருக்கிறது, அதில் நடப்பதுதான் குறைவு.

இவ்விடத்திற் பெரியோர் ஒருவர் எழுந்து, "தம்பி, நீர் பேசுவதைப் பார்த்தால் எல்லோரையும் மன்னித்து விட்டுவிடச் சொல்கிறீரோ? எங்கள் பிள்ளைகளைக் கொன்றவர்களையும் விட்டுவிடுவதோ?" என்று கேட்கக்கூடும். மிக நியாயமான கேள்வி. 2000ஆம் ஆண்டு மிருசுவிலிற் சிறுவர் உட்பட எட்டுப் பொதுமக்கள் கொன்று புதைக்கப்பட்டனர். பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 2015இல் இராணுவத்தினர் ஒருவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடு கொரோனா அச்சத்தில் வீடடங்கிக் கிடந்த வேளையில், அன்றைய சனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்து விடுதலை செய்தார். புதைகுழியிற் பிள்ளையைத் தேடிய தாய்தந்தையரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

அதனை நாம் கருணை என்று சொல்லமாட்டோம். உயிரைப் பறிக்காதிருப்பது வேறு, குற்றமே நடவாதது போல் ஆக்குவது வேறு. தண்டனை வேண்டும். அது நிச்சயமாக வேண்டும், எல்லோருக்கும் ஒரேவிதமாக வேண்டும். தண்டப்பணம் இல்லாத ஏழைக்குப் பூட்டும், அதிகாரத்தின் நிழலில் நின்றவனுக்குத் திறப்புமாக இருப்பதுதான் நாம் எதிர்க்க வேண்டிய அநீதி. கயிற்றைக் கேட்பதைவிட இதனைக் கேட்பது கடினம். கயிறு ஒரு நாட் கோபத்தோடு முடிந்துவிடும். நிச்சயமான நீதியைக் கேட்பவன் ஆண்டாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நமது முன்னோர் இதுபற்றி யாது கருதினர்? கொடிய கொலைஞரைத் தண்டிப்பதை வள்ளுவர் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிட்டார் என்பதை நாம் மறைக்கவில்லை. அதே வள்ளுவர், ஓங்கும் கோல் அச்சம் விளைவிக்கவும் விழும் அடி அளவோடு இருக்கவும் வேண்டும் என்ற கருத்தையும் அரசனுக்குச் சொன்னார். மணிமேகலையோ இன்னும் ஒருபடி மேலே சென்றாள். சோழனுடைய சிறைக்குட் சென்று கைதிகளுக்கு அன்னமிட்ட அவளிடம், வேண்டும் வரம் யாதென அரசன் கேட்டான். சிறையை அழித்து அதனை அறம் வளர்க்கும் இடமாக்குக என்று அவள் கேட்டாள். எலிசபெத் விறை அம்மையார் நியூகேற்றுக்குள் நுழைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஒரு தமிழ்ப் புலவனின் நெஞ்சில் உதித்த எண்ணம் இது.

கந்தபுராண படனங் கேட்டு வளர்ந்த நமக்கு இன்னொன்றும் தெரியும். சூரபன்மன் செய்யாத குற்றம் இல்லை. முருகப்பெருமானின் வேல் அவனைப் பிளந்தது. பிளந்தபின் அவனை எறிந்துவிடவில்லை. ஒரு கூறு சேவலாகிக் கொடியில் ஏறிற்று. மறு கூறு மயிலாகிப் பெருமானையே தாங்கிற்று. பெரியோர் இதனை மறக்கருணை என்பர். தண்டனை உண்டு, ஆனால் தண்டனைக்குப்பின் தண்டிக்கப்பட்டவனுக்கு ஓர் இடமும் உண்டு. ஆண்டுதோறும் சூரன்போர் பார்க்கிறோம். சூரனின் தலை விழும்போது ஆரவாரிக்கிறோம். சேவலும் மயிலும் வரும் நேரத்திற் பலர் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறோம்.

மறியலால் வந்த ஒருவனுக்கு நமது ஊரிலே என்ன இடம் இருக்கிறது? கடைக்காரர் வேலை கொடார். கோயில் திருப்பணியிற் கை வைக்க விடோம். அவன் தங்கைக்குக் கலியாணம் பேசி வருபவர் படலையோடு திரும்புவர். நீதவான் ஆறு மாதம் விதித்தார். நாம் ஆயுட்காலம் விதிக்கிறோம். நமது தண்டனைக்கு மேன்முறையீடும் இல்லை. பின்னர் அவன் மறுபடியும் பழைய கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், "நான் அப்பவே சொன்னனான்" என்கிறோம்.

ஆகவே, இச்சபையின் முன்னிலையில் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

முதலாவது, சங்கம் ஒரு சிறு நிதியைத் தொடங்கல் வேண்டும். சிறு குற்றத்துக்குத் தண்டப்பணங் கட்டவியலாது மறியல் போகும் நமது பகுதி ஏழைகளுக்கு, தகுதி பார்த்து அப்பணத்தைக் கடனாகக் கொடுத்து, சிறிது சிறிதாகத் திருப்பிப் பெறலாம். நமது சங்கத்திற் சட்டத்தரணிகள் இருக்கின்றனர். தவணை முறையிற் கட்ட அனுமதி கேட்டு நீதிமன்றில் ஒரு வார்த்தை சொல்வது அவர்களுக்குப் பெரிய காரியமன்று.

இரண்டாவது, பாடசாலையை விட்டு இடையில் நின்ற பிள்ளைகளின் பெயர்களை நாமே வீடுவீடாகச் சென்று அறிந்து, மாலை வகுப்போ, தொழிற்பயிற்சியோ ஏற்பாடு செய்தல் வேண்டும். விடுகைப் பத்திரத்தோடு ஒரு பிள்ளை நடந்துபோகும்போது, "எங்கே போகிறாய்?" என்று கேட்க ஒருவராவது இருத்தல் வேண்டும். வாட்கூட்டம் கேட்பதற்கு முன்னர் சங்கம் கேட்கட்டும்.

மூன்றாவது, மறியலால் திரும்பி வருகின்றவனுக்கு வேலை கொடுக்க முன்வரும் கடைக்காரரும் தச்சுப்பட்டறைக்காரரும் தோட்டக்காரரும் இச்சபையில் இருந்தால், தங்கள் பெயரைச் செயலாளரிடம் தருமாறு வேண்டுகிறோம். குற்றத்தாற் பாதிக்கப்பட்டவர்களையும் மறந்துவிடலாகாது. விரல் இழந்த கடைக்காரருக்கு நீதிமன்றத்தின் தீர்ப்பு விரலைத் தராது. அவர் வாசலுக்குச் சென்று, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்பதும் நீதியின் பகுதியே. இதனை நாம் கேட்டோம் என்று சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது, ஏனெனில் இதுவரை கேட்கவில்லை. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை போவதாகத் தீர்மானித்திருக்கிறோம். கூட வர விரும்பும் அங்கத்தவர்கள் வரலாம்.

கூண்டில் நின்ற நண்பனுக்கும் ஒரு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவன் கேட்ட ஆசிரியரைச் சென்று கண்டோம். இன்னும் அங்கேதான் படிப்பிக்கிறார். விஷயத்தைச் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அடுத்த தவணை எப்போது?" என்று கேட்டு, திகதியைத் தமது நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அன்று நாமும் அவருடன் நீதிமன்றுக்குச் செல்வோம்.